எடை போட்ட அன்றே அம்பாரி ஏற்றுவதில்லை

நம் தேவராஜ மொஹல்லாவில் குடியிருப்பவர்களுக்குத் தசரா அரண்மனை விளக்குகளோடு தொடங்குவதில்லை. தன்வந்திரி சாலையில் உள்ள எடைமேடையில்தான் தொடங்குகிறது. காட்டு முகாம்களிலிருந்து வந்து சேர்ந்த யானைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வருவார்கள். லாரிகளை எடை போடும் மேடையில் ஒவ்வொன்றாக ஏறி நிற்கும். எண் தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். மறுநாள் செய்தித்தாளில் பட்டியல் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு காப்பிக் கடைகளில் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். "இவன்தானே கனத்தவன், அம்பாரி இவனுக்குத்தானே?" என்பார் ஒருவர். "எடையை வைத்தா அம்பாரி கொடுக்கிறார்கள்?" என்பார் இன்னொருவர்.

இரண்டாமவர் சொல்வதே சரி. 2022-ஆம் ஆண்டு தசராவுக்கு வந்த யானைகளில் அர்ஜுனா, அபிமன்யுவைவிடக் கனத்தவன். ஆனாலும் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்தது அபிமன்யுதான். அறுபது வயதைக் கடந்த யானைமேல் பெரும்பாரம் ஏற்றக் கூடாது என்பதால் அர்ஜுனா ஒதுங்கி நடந்தான். எடை என்பது முதல் கேள்வி. ஆனால் முடிவான விடை அன்று.

இதே விவாதம் கடல் கடந்த ஊர்களில் வேறொரு களத்தில் நடக்கிறது. ஆக்லாந்திலும் லண்டனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஒரு சர்வதேச ரக்பி ஆட்டம் நெருங்கினால், ரசிகர்கள் முதலில் பேசுவது முன்வரிசையைப் பற்றித்தான். யார் கனமானவர், யார் தாக்குப்பிடிப்பார், யார் சரிந்துவிடுவார் என்று வாரம் முழுவதும் பேச்சு.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டில் இந்த இரண்டு விவாதமும் ஒரே மாலையில் நடந்தன. அவருடைய மகன் குடும்பத்தோடு ஆக்லாந்தில் இருக்கிறார். நியூசிலாந்து – தென்னாப்பிரிக்கா ஆட்டத்துக்கு முந்தைய வாரம். தொலைபேசியில் மகன் இரு அணிகளின் முன்வரிசையையும் அலசிவிட்டு, கடைசியில் பெருமையோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய பதினைந்து வயதுப் பையனையும் பள்ளி அணியில் முன்வரிசைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வயதுக்கு மீறிய உடம்பு அவனுக்கு.

பாட்டி போனை வாங்கிக்கொண்டார். "எடையப் பாத்து முன்னால நிறுத்திட்டாங்களா? பையனோட கழுத்து என்னடா ஆகும்?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் ரக்பி ஆடும் நாடுகளில் வளர்கிறார்கள். ஆகவே தெரிந்துகொண்டதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மூவர் நிற்கும் வரிசை

ரக்பியில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்து கை தவறி முன்னால் விழுவது போன்ற சிறு பிழை நேர்ந்தால், ஆட்டத்தை மீண்டும் தொடங்க 'ஸ்க்ரம்' அமைப்பார்கள். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் கோத்து நின்று, குனிந்து, ஒருவரையொருவர் தோளால் தள்ளுவார்கள். நடுவில் உள்ள இடைவெளியில் பந்து உருட்டப்படும். அதைக் காலால் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் அணிக்குப் பந்து.

இந்த எட்டுப் பேரில் எதிரியோடு நேருக்கு நேர் முட்டி நிற்பவர்கள் மூவர். அவர்களே முன்வரிசை. நடுவில் நிற்பவர் ஹூக்கர். பந்தைக் காலால் கொக்கிபோட்டு இழுப்பது இவர் வேலை. இரு பக்கமும் நிற்பவர்கள் ப்ராப், அதாவது முட்டுக்கொடுப்பவர்கள். நம் ஜம்பூ சவாரியை நினைத்துக்கொண்டால் போதும். அம்பாரி சுமக்கும் யானையின் இரு பக்கமும் இரண்டு பெண் யானைகள் ஒட்டி நடக்குமே, அதுபோல நடுவில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருவர்.

இரண்டு ப்ராப்களுக்கும் ஒரே வேலை இல்லை. இடப்பக்க ப்ராப்புக்கு ஒரு தோளில்தான் எதிரி. மறுபக்கம் வெளியே திறந்திருக்கும். வலப்பக்க ப்ராப்பின் தலை எதிரணியினர் இருவருக்கு இடையில் புகுந்து நிற்கும். அவருக்கு இரு தோளிலும் பாரம். ஸ்க்ரம் நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் அவர் கையில். "அணியில் முதலில் எழுத வேண்டிய பெயர் வலப்பக்க ப்ராப்; இரண்டாவதாக எழுத வேண்டிய பெயர் அவருக்கு மாற்று ஆள்" என்று ரக்பி ரசிகர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

சர்வதேச அணி ஒன்றில் ஸ்க்ரம் பிடிக்கும் எட்டுப் பேரின் மொத்த எடை ஏறத்தாழ 900 கிலோ. தங்க அம்பாரியைவிட அதிகம். இரு அணிகளும் மோதும் கணத்தில் ஒரு பக்கத்தின் விசை ஒன்றரை டன் பாரத்துக்கும் மேலே போவதாக, பழைய முறையில் மோதிய காலத்தில் அளந்திருக்கிறார்கள். அவ்வளவும் முன்வரிசை மூவரின் தோள் வழியாகவும் கழுத்து வழியாகவும்தான் போகவேண்டும். பாட்டி கேட்ட கேள்வி அநாவசியமானது இல்லை.

நம் ரூபாயில் உருவான கோப்பை

இந்த ஆட்டம் நமக்கு அந்நியம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கோப்பையின் பெயரே கல்கத்தா கோப்பை. அந்த ஆட்டத்துக்கு முன்னால் எடின்பரோ ரசிகர்கள் முன்வரிசையைப் பற்றி வாதிடும்போது, அவர்கள் வாதிடுவது நம் நாட்டு வெள்ளி ரூபாய்க்காகத்தான்.

1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். அணிக்கு இருபது பேர். மறு ஆண்டு ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் தோன்றியது. சில ஆண்டுகள் ஆட்டம் சூடாக நடந்தது. பிறகு படைப்பிரிவு ஒன்று ஊரை விட்டுப் போனது. கழகத்தில் இலவசமாகக் கொடுத்த மதுவும் நின்றது. நம் வெயிலுக்கு டென்னிசும் போலோவுமே ஏற்றவை என்று பலர் அவற்றின் பக்கம் போய்விட்டார்கள். கழகத்தைக் கலைத்தபோது கையிருப்பில் இருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கழகத்தின் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்த ரோத்னி என்பவரின் யோசனை அது.

கோப்பைக்கு மூன்று கைப்பிடி. மூன்றும் நாகப்பாம்பு வடிவம். மூடியின் உச்சியில் நிற்பது ஒரு யானை! 1879 மார்ச் மாதம் எடின்பரோவில் முதல் ஆட்டம் நடந்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஸ்காட்லாந்து 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து வென்றது. 2025-இல் இங்கிலாந்து 16–15 என்று ஒரே புள்ளியில் மீட்டது. 1988-இல் இரு அணி வீரர்கள் இருவர் போதையில் கோப்பையை எடுத்துக்கொண்டு எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்ட கதையும் உண்டு. தெருவில் உதைபட்டும் யானை இன்னும் மூடிமேல் நிற்கிறது.

ஆட்டமும் நம் நாட்டை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. இந்தியப் பெண்கள் அணி 2018-இல்தான் முதன்முதலாகப் பதினைந்து பேர் ஆட்டத்தில் சர்வதேசக் களம் கண்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. அதுவே அந்த அணியின் முதல் சர்வதேச வெற்றி. இலங்கையிலோ கண்டியும் கொழும்பும் ரக்பி ஊர்கள். ராயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடய ஆட்டம் 1945 முதல் நடந்து வருகிறது.

எடையா, பழக்கமா?

இனி விவாதத்துக்கு வருவோம். கனத்த முன்வரிசைதான் வெல்லும் என்பது ஒரு கட்சி. பழக்கமும் ஒற்றுமையுமே வெல்லும் என்பது மறு கட்சி. இரண்டுக்கும் சான்று உண்டு.

2015 செப்டம்பர் 19. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். ஒரு பக்கம் இருமுறை உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்கா; மறு பக்கம் உருவத்தில் சிறிய ஜப்பான். கடைசி நிமிடங்களில் ஜப்பான் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. தண்டனை உதை கிடைத்தது. உதைத்தால் ஆட்டம் சமன். பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் உதைக்கத்தான் விரும்பினார். அணித்தலைவர் மைக்கேல் லீச்சோ ஸ்க்ரம் கேட்டார்! உலகின் மிகக் கனத்த அணிகளில் ஒன்றை எதிர்த்துத் தோளோடு தோள் முட்டத் துணிந்தார்கள். தென்னாப்பிரிக்க ப்ராப் ஒருவர் மஞ்சள் அட்டை பெற்று வெளியே இருந்ததும் அவர்களுக்குச் சாதகம். ஸ்க்ரம் நின்றது, பந்து வந்தது, ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்து வைத்தார். 34–32. தாழக் குனிந்து, எட்டுப் பேரும் ஒரே உடம்பாகத் தள்ளுவதற்கென்றே தனிப் பயிற்சியாளரை வைத்து நெடுநாள் உழைத்த அணி அது.

நான்கு ஆண்டு கழித்து, 2019 நவம்பர் 2. யோகஹாமாவில் உலகக் கோப்பை இறுதியாட்டம். அதே எடி ஜோன்ஸ் இப்போது இங்கிலாந்தின் பயிற்சியாளர். எதிரே அதே தென்னாப்பிரிக்கா. முந்தின வாரம்தான் இங்கிலாந்து நியூசிலாந்தை 19–7 என்று வீழ்த்தியிருந்தது. பலரும் கோப்பை இங்கிலாந்துக்கே என்றார்கள். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் இங்கிலாந்தின் வலப்பக்க ப்ராப் கைல் சிங்க்ளர் தலையில் அடிபட்டு வெளியேறினார். மாற்றாக வந்தவர் டான் கோல். அவர் எடையில் குறைந்தவர் அல்லர். தொண்ணூறுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டம் கண்டவர். ஆனால் எதிரே இருந்தவர் 'மிருகம்' என்று ரசிகர்கள் செல்லமாக அழைக்கும் டெண்டாய் மட்டவாரிரா. ஸ்க்ரம் மாறி ஸ்க்ரம் சரிந்தது. தண்டனை உதைகள் குவிந்தன. 32–12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மாற்று ஆளும் முதல் ஆளுக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. எடை இருந்தும் கோணம் தவறினால், பிடி தளர்ந்தால், பக்கத்து ஆளோடு சேராவிட்டால் பயனில்லை என்பது மற்றொன்று. அர்ஜென்டினாவில் எட்டுப் பேரின் விசையையும் நடுவிலுள்ள ஹூக்கரை நோக்கிக் குவித்துத் தள்ளும் ஒரு முறையை வளர்த்தார்கள். சான் இசித்ரோ கழகத்தில் பிறந்த அந்த முறையால், தம்மைவிடக் கனத்த அணிகளைப் பின்னோக்கி நடக்க வைத்தார்கள்.

கரடி மனையில் கேட்டது

மைசூருக்குப் புதிதாக வந்த தமிழர் யாரும் 'கரடி மனை' என்ற சொல்லைக் கேட்டு ஒரு கணம் திகைக்காமல் இருந்ததில்லை. கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் கோதா என்போமே, அதுதான். செம்மண் குழி, சுவரில் ஆஞ்சநேயர், மூலையில் கதை. தசரா குஸ்திக்குச் சில நாள் முன்னால் அங்கிருந்து வரும் மல்லர்களை நிறுத்தி ஜோடி கட்டுவார்கள். எடையும் பார்ப்பார்கள், திறமையும் பார்ப்பார்கள். ஒத்தவரோடு ஒத்தவரைத்தான் இறக்குவார்கள்.

மைசூர் மன்னர் ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659) பட்டத்துக்கு வருமுன் மாறுவேடத்தில் நம் திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கே யாராலும் வெல்ல முடியாதிருந்த மல்லனைச் சாய்த்தார் என்று கர்ண பரம்பரைக் கதை உண்டு. 1960-இல் ராஜ்குமார் நடித்த படத்திலும் அது வந்தது. திருச்சிக்காரர்கள் நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்தக் கதையைச் சொல்லும் கன்னட அன்பர்களும் மன்னரின் எடையைப் பற்றிப் பேசுவதில்லை. பிடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அந்த வழியில் வந்த ஒரு பெரியவரிடம் ஸ்க்ரம் படம் ஒன்றைக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இது தோள் பலம் இல்லை, கழுத்து பலம். கழுத்து ஒரே நாளில் வராது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கழுத்துக்கு என்ன காவல்?

ஸ்க்ரம் சரியும்போது முன்வரிசை ஆளின் தலை தரையில் மாட்டி, பின்னாலிருந்து மற்றவர்கள் தள்ளிக்கொண்டேயிருந்தால், தண்டுவடம் பாதிக்கப்படலாம். முன்பு பல நாடுகளில் இளைஞர்கள் சிலர் இப்படி வாழ்நாள் முழுவதற்கும் முடங்கிப்போனார்கள். அதை மறைத்து எழுதுவது சரியாகாது.

ஆனால் அந்த நாடுகள் சும்மா இருக்கவில்லை. நியூசிலாந்தில் 2001-இல் 'ரக்பிஸ்மார்ட்' என்ற திட்டம் தொடங்கியது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்பு முறைகளைக் கற்றாக வேண்டும் என்று விதித்தார்கள். பழைய கணக்குப்படி 2001 முதல் 2005 வரை ஸ்க்ரத்தால் மட்டும் ஒன்பது பேருக்குத் தண்டுவடத்தில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். ஏற்பட்டது ஒருவருக்கு. இது 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. மருந்து கண்டுபிடித்து வந்த மாற்றம் இல்லை இது. வாத்தியார்களுக்குப் பாடம் நடத்தி வந்தது.

விதிகளும் மாறின. முன்பு இரு அணிகளும் தூரத்திலிருந்து பாய்ந்து மோதிக்கொள்ளும். 2007-இல் நான்கு படியாக நிதானித்துச் சேரும் முறை வந்தது. 2013-இல் குனி, பிடி, சேர் என்று மூன்று கட்டளை ஆயின. எதிரியின் சட்டையை முதலில் பிடித்துக்கொண்ட பிறகே சேர வேண்டும். இதனால் மோதும் விசை 25 சதவீதம் வரை குறைந்ததாக பாத் பல்கலைக்கழகத்தார் அளந்தார்கள். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முன்வரிசைக்குப் பழகிய ஆள் இல்லையென்றால் ஸ்க்ரத்தில் தள்ளுவதே கிடையாது. ஒருவர் காயம்பட்டு, மாற்றாகப் பழகியவர் இல்லாவிட்டால், இரு அணிகளும் வெறுமனே சேர்ந்து நிற்கும். பந்தைப் போட்ட அணி தள்ளாமல் எடுத்துக்கொள்ளும். மற்ற எந்த இடத்துக்கும் இப்படி ஒரு விதி இல்லை. கனத்த பையன் ஒருவன் ஓரமாக இருக்கிறானே, அவனை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அவன் எடை எவ்வளவு என்று நடுவர் கேட்பதில்லை. பழகியிருக்கிறானா என்றே கேட்பார்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

ஆகவே, பிள்ளையையோ பேரனையோ பேத்தியையோ முன்வரிசைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், உடனே வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம். பெருமையில் மறந்துவிடவும் வேண்டாம். பயிற்சியாளரிடம் சில கேள்விகள் கேட்கலாம். அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எதிரியோடு சேர்வதற்கு முன் எத்தனை வாரம் தனியாகவும், தள்ளுவண்டி போன்ற பயிற்சிக் கருவியிலும் பழக்கினீர்கள்? ஒருவருக்கு ஒருவர், பிறகு மூவருக்கு மூவர் என்று படிப்படியாக ஏற்றினீர்களா? கழுத்துக்கும் தோளுக்கும் தனிப் பயிற்சி உண்டா? அணியில் பழகிய மாற்று ஆள் இருக்கிறாரா? தலையில் அடிபட்டால் அன்றைக்கு மறுபடி இறக்காமல் மருத்துவரிடம் காட்டுவீர்களா?

பையனிடமும் ஒன்று சொல்லி வைக்கவேண்டும். கழுத்தில் வலி, கையில் மரமரப்பு என்றால் அதை வீரமாக எண்ணி மறைக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அன்பர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டி முழுவதையும் கேட்டுக்கொண்டு, பேரனையே அழைக்கச் சொன்னார். தசரா யானைகள் வந்தவுடன் அவற்றின்மேல் அம்பாரி ஏற்றுவதில்லை. முதலில் மணல் மூட்டை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மர அம்பாரி, கடைசியில்தான் தங்க அம்பாரி. சின்ன வயதில் விடுமுறைக்கு வந்தபோது அவனும் அதைப் பார்த்திருக்கிறான்.

"எடை போட்ட அன்னைக்கே உன்னை ஏத்திட்டாங்களாடா, இல்ல மணல் மூட்டை தூக்க வச்சாங்களா?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். முதல் ஆறு வாரம் எதிராளே இல்லாமல் கருவியில் மட்டும் பழக்கியதாகவும், கழுத்துப் பயிற்சி வாரம் மூன்று நாள் என்றும், இன்னும் முழு ஸ்க்ரத்தில் தன்னை இறக்கவில்லை என்றும் பாதித் தமிழில் சொன்னான்.

"சரி, அப்போ வாத்தியாருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ஆடட்டும்" என்று பாட்டி போனைத் தாத்தாவிடம் கொடுத்தார். பிறகு தாத்தாவும் மகனும் அந்த வார ஆட்டத்தில் எந்த முன்வரிசை நிற்கும் என்ற பழைய வாதத்துக்குத் திரும்பினார்கள். அது முடிய வெகுநேரம் ஆயிற்று.